நெட் என்றால் எந்த நெட்?

பாம்பனில் வலைக்குக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேரன் வந்து, "தாத்தா, நெட் தீர்ந்துபோச்சு" என்றான். அவர் நைலான் வலையைத் தூக்கிக் காட்டி, "இங்கனதானப்பா கிடக்கு" என்றார். இருவர் சொன்னதும் சரிதான். இண்டர்நெட், கொசுவலை, கிரிக்கெட் நெட் பிராக்டிஸ் எல்லாமே வலைதான்.

குழப்பம் வருவது பணத்திலும் எடையிலும். அந்த நெட் வேறு சொல், எழுத்துதான் ஒன்று. சுத்தம் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் நிகரம். படகுக்காரருக்குச் சொல்வதானால், டீசல், ஐஸ், கூலி எல்லாம் போகக் கையில் நிற்பதுதான் நெட் லாபம். சம்பளச் சீட்டிலும் இதே கதை.

உறைய வைத்த இறால் பாக்கெட் வாங்கினால் நெட் வெயிட்டைத்தான் பாருங்கள். கிராஸ் வெயிட்டில் பாக்கெட்டின் எடையும் சேர்ந்திருக்கும். அதை வைத்து விலை பேசினால் அட்டைக்கும் காசு கொடுத்ததாகிவிடும்.

பக்கத்தில் எடையோ பணமோ வந்தால் நிகரம், இல்லாவிட்டால் பெரும்பாலும் வலை. அப்புறம், கல்லூரி ஆசிரியர் வேலைக்கு எழுதும் நெட் தேர்வு இரண்டிலும் சேராது. அது வெறும் முதலெழுத்துச் சுருக்கம்.