சிங்கப்பூரில் பழைய ஆல்ஃபா ரோமியோ வாங்கப் போகிறீர்களா? இங்கிருந்து தொடங்குங்கள்

பழைய இத்தாலியக் கார் மேல் முதன்முதலாக ஆசை வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு என்னிடம் இருக்கும் காரையே எடுத்துக்கொள்கிறேன்: ஆல்ஃபா ரோமியோ 156, 2.0 லிட்டர் டுவின் ஸ்பார்க் இஞ்சின் (சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக்), மேனுவல் கியர். 1997இல் வெளிவந்து, 1998ஆம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதைப் பெற்ற மாடல். பின்கதவுக் கைப்பிடி ஜன்னல் ஓரத்தில் ஒளிந்திருக்கும், முன்பக்க நம்பர் பிளேட் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். அந்த முகத்தைப் பார்த்து மயங்குவதில் தப்பே இல்லை. ஆனால் காருக்கு முன்னால் காகிதங்களைப் பாருங்கள்.

படி 1: சிஓஇ கணக்கு

இந்த வயதுக் கார்கள் எல்லாம் சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓடுபவைதான். புதுப்பித்தது 5 ஆண்டுக்கா, 10 ஆண்டுக்கா என்பதே முதல் கேள்வி. 5 ஆண்டுக்குப் புதுப்பித்த காரை மறுபடியும் புதுப்பிக்க முடியாது. காலம் முடிந்ததும் பதிவை ரத்து செய்தே ஆக வேண்டும். மனசு ஒட்டிப்போன காரை அப்படி அனுப்புவது கஷ்டம். 10 ஆண்டுப் புதுப்பிப்புக்கு அந்தத் தடை இல்லை, அதனால் நான் அதைத்தான் தேடச் சொல்வேன்.

விலையை மாதத்தால் வகுத்துப் பாருங்கள். 62,000 வெள்ளி கேட்கிறார்கள், சிஓஇயில் 62 மாதம் மிச்சம் என்றால், மாதம் 1,000 வெள்ளி. அதற்கு மேல் சாலை வரி. 10 ஆண்டைத் தாண்டிய காருக்கு 10 விழுக்காடு கூடுதல் வரி, அது ஆண்டுதோறும் ஏறி, 14 ஆண்டைத் தாண்டியதும் 50 விழுக்காட்டில் நிற்கும். பரிசோதனையும் வருடா வருடம் உண்டு. காப்புறுதி விலையை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

படி 2: பெல்ட் ரசீது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். டுவின் ஸ்பார்க் இஞ்சினில் டைமிங் பெல்ட் (பிஸ்டனும் வால்வுகளும் ஒத்து இயங்க வைக்கும் பெல்ட்) அறுந்தால் பிஸ்டன் போய் வால்வுகளை இடிக்கும், வால்வுகள் வளைந்துவிடும். ஆரம்பத்தில் 1,20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்றார்கள். பிறகு அதை 60,000 ஆகக் குறைத்தார்கள். பழைய கையேட்டை நம்பி ஓட்டியவர்கள் பலர் இஞ்சினையே இழந்தார்கள். நம் ஊரில் கார் நெரிசலில் நின்று நின்று ஓடுவதால், கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் 3 அல்லது 4 ஆண்டில் நான் மாற்றிவிடுவேன்.

எனக்குக் காரை விற்றவர், "பெல்ட் போன வருஷம்தான் மாத்தினேன் தம்பி" என்றார். ரசீது இல்லை. நான் காக்கி புக்கிட்டில் ஒரு வொர்க்‌ஷாப்பில் விட்டு, அதையே முதல் வேலையாகச் செய்யச் சொன்னேன். மெக்கானிக் அங்கிள் பழைய பெல்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வளைத்துப் பார்த்தேன், பற்களின் அடியில் வரிசையாக வெடிப்பு. அன்றிலிருந்து ரசீது இல்லாத பெல்ட் என்றால் மாற்றாத பெல்ட் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மாற்றும்போது டென்ஷனர் (பெல்டை இறுக்கிப் பிடிப்பது), வாட்டர் பம்ப், வேரியேட்டர் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுவது) மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். 2.0 இஞ்சினில் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுக்குத் தனியாக இன்னொரு பெல்ட் உண்டு, அதையும் விடாதீர்கள். வொர்க்‌ஷாப்பிடம் முன்கூட்டியே ஒன்று கேளுங்கள்: இந்த இஞ்சினுக்கு, வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டை அசையாமல் பூட்டும் கருவி வைத்திருக்கிறார்களா? பெயிண்டால் அடையாளம் போட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

படி 3: காரை நேரில் பார்ப்பது

நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த இஞ்சினில் சில நொடிகள் டீசல் கார் போல 'கடகட' என்று சத்தம் வந்தால் வேரியேட்டர் தேய்ந்திருக்கிறது. பயப்பட வேண்டாம், பெல்ட் வேலையோடு அது சரியாகிவிடும். விலை பேசும்போது மட்டும் சொல்லுங்கள்.

அப்புறம் டிப்ஸ்டிக், அதாவது இஞ்சின் எண்ணெய் அளவைக் காட்டும் கம்பி. எண்ணெய் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இருந்தால் நான் அந்தக் காரை வாங்க மாட்டேன். டுவின் ஸ்பார்க் எண்ணெய் குடிக்கும் இஞ்சின். குறைந்த எண்ணெயில் ஓட்டினால் கிராங்க் பேரிங் போய்விடும்.

ஏர்கான் போட்டு 15 நிமிடம் நிறுத்தியே வையுங்கள். சூட்டு முள் ஏறிக்கொண்டே போனால் ரேடியேட்டர் விசிறியைச் சோதிக்க வேண்டும், அதன் ரெசிஸ்டர் அடிக்கடி போகும். ஓடும்போது முள் ஏறாமல் கீழேயே கிடந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கும். வீவக கார்நிறுத்துமிடத்து வேகத்தடைமேல் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். முன்னால் 'கீச்' என்றால் முன் சஸ்பென்ஷனின் மேல் விஷ்போன் புஷ் தேய்ந்திருக்கும்.

கிளட்ச் மிதி இல்லாத செலிஸ்பீட் கியர் உள்ள கார் மலிவாகக் கிடைக்கலாம். முதல் காராக அது வேண்டாம். அதன் ஹைட்ராலிக் பம்ப்பும் அக்யுமுலேட்டரும் புதியவரின் பொறுமையையும் பணத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

படி 4: வாங்கிய பிறகு

விலையோடு சேர்த்து 5,000 வெள்ளியாவது தனியாக ஒதுக்குங்கள். முதல் மாதத்திலேயே பெல்ட், கூலண்ட், தெர்மோஸ்டாட், எண்ணெய். பனிநாட்டுச் சாலைகளில் தூவும் உப்பு இங்கே இல்லை, அதனால் துரு குறைவு. ஆனால் இந்த வெயில் ரப்பரையும் பசையையும் விடாது. ஹோஸ்கள் இறுகிப்போகும், கூரைத்துணி தொங்கும். கூடுமானவரை கூரையுள்ள இடத்தில் நிறுத்துங்கள்.

ஸ்பார்க் பிளக் மொத்தம் 8, இரண்டு அளவில். ஆர்டர் செய்யும்போது அளவைச் சரிபாருங்கள். உதிரிபாகங்கள் வெளிநாட்டிலிருந்து வரும்வரை கார் நிற்கலாம், அந்த நாட்களுக்கு எம்ஆர்டி இருக்கிறது.

மலாக்கா வரை ஓட்டிப் போக மனசு துடிக்கும், போங்கள். துவாஸில் எல்லை தாண்டும்போது டாங்கில் முக்கால்வாசி பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது தெரிந்ததே. இஞ்சின் எண்ணெயைக் கிளம்பும் நாள் காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், சமதளத்தில் வைத்துப் பாருங்கள். டிக்கியில் ஒரு லிட்டர் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், கையேட்டில் சொன்ன அதே தரத்தில்.