யூபிஎஸ் பேட்டரி அலாரத்த போனுக்கு வர வைக்கிறது எப்படி?

பூட்டுன ரூம்ல யூபிஎஸ் கத்துனா யாருக்குக் கேக்கும்? நெறைய யூபிஎஸ் இருக்கற ஆபீஸ்னா எஸ்என்எம்பி கார்டு (யூபிஎஸ நேரா நெட்வொர்க்ல சேக்கற கார்டு) போடறதுதான் சரி, ஒண்ணு ரெண்டுக்கு அந்தக் காசு தண்டம். ராஸ்பெரி பை-ங்கற குட்டி கம்ப்யூட்டர், யூஎஸ்பி வயர், யூபிஎஸ கண்காணிக்கற நட் (Network UPS Tools)-ங்கற ஓசி சாஃப்ட்வேர், இது போதும்.

நட் இன்ஸ்டால் பண்ணி, நட்-ஸ்கேனர் ஓட்டுனா யூபிஎஸ் விவரத்த அதுவே எழுதிக் குடுக்கும், அத அப்படியே யூபிஎஸ் கான்ஃப் (ups.conf) ஃபைல்ல ஒட்டுங்க. டிரைவர் பெர்மிஷன் இல்லன்னு அடம் புடிச்சா வயர புடுங்கி மறுபடி சொருகுங்க.

அடுத்து நட் கான்ஃப் (nut.conf) ஃபைல்ல MODE-ங்கறத நெட்சர்வர் (netserver)னு மாத்துங்க. யூபிஎஸ்டி கான்ஃப்ல (upsd.conf) லிசன் (LISTEN) லைன்ல ராஸ்பெரி பையோட ஐபி, 3493 போர்ட் போடணும், இல்லன்னா பைக்குள்ள மட்டும்தான் பேசும். ரூட்டர்ல இந்த போர்ட்ட வெளிய தொறந்து விட்றாதீங்க!

ஸ்டேட்டஸ்ல ஓஎல்னா கரண்ட் இருக்கு, ஓபின்னா பேட்டரில ஓடுது, எல்பின்னா சார்ஜ் தீரப்போகுது, ஆர்பின்னா பேட்டரிய மாத்தணும்.

இனிமேதான் எல்லாரும் மாட்டற எடம். யூபிஎஸ்மான்-ங்கற (upsmon, நட்ல அலாரத்த கவனிக்கற பகுதி) ஃபைல்ல நோட்டிஃபை கமாண்ட்ல (NOTIFYCMD) டெலிகிராமுக்கு மெசேஜ் அனுப்பற ஸ்கிரிப்ட குடுத்துட்டா மெசேஜ் வந்துரும்னு நெனைப்போம், வராது, ஏன்னா டீஃபால்ட்டா அது லாக்ல எழுதும், டெர்மினல்ல காட்டும், அவ்ளோதான். ஆன்பேட் (ONBATT), லோபேட் (LOWBATT), ரெப்ள்பேட் (REPLBATT) ஒவ்வொண்ணுக்கும் நோட்டிஃபை ஃப்ளாக் (NOTIFYFLAG) லைன்ல எக்ஸெக் (EXEC)னு சேத்தாதான் ஸ்கிரிப்ட கூப்பிடும். அப்பவும் வரலையா, ஸ்கிரிப்ட் உங்க ஹோம் ஃபோல்டர்ல இருக்கான்னு பாருங்க. அத ஓட்டறது நீங்க இல்ல, நட் யூசர், அதுக்கு உங்க ஃபோல்டருக்குள்ள நுழைய உரிமை இருக்காது. கையால ஓட்டுனா அழகா ஓடும், கரண்ட் போனா கம்முனு இருக்கும், மண்டை காயும்.

யூபிஎஸ் பிளக்க புடுங்கி டெஸ்ட் பண்ணுங்க. ஆனா ஆர்பி அலாரம் பெரும்பாலும் செல்ஃப் டெஸ்ட் (யூபிஎஸ் தன் பேட்டரிய தானே சோதிக்கறது) ஓடுனாதான் வரும், அதனால அந்த டெஸ்ட்ட மாசம் ஒருதடவ ஓடற மாதிரி கிரான்ல (cron, குறிச்ச நேரத்துல வேலைய தானா ஓட்டறது) போட்டு வைங்க. அந்த அலாரம் வந்துருச்சுன்னா 12 மணி நேரத்துக்கு ஒருக்கா நச்சரிக்கும், நல்லதுதான், இந்த வெயில்ல லெட் ஆசிட் பேட்டரி சீக்கிரமே மண்டையப் போட்டுரும்.

பின்குறிப்பு: ஓபி மெசேஜ் மட்டும் கரண்ட் வந்தப்புறம்தான் வருதுன்னா உங்க ரூட்டர் யூபிஎஸ்ல இல்லன்னு அர்த்தம். ஃபைபர் மோடமையும் சேத்து மாட்டுங்க.