பழைய ஃபைபர் யாட்டின் மேல்தளத்தைத் தட்டிப் பாருங்கள்

1960, 70களில் கட்டிய ஃபைபர் கிளாஸ் மோட்டார் யாட் (உல்லாசப் படகு) ஒன்றைச் சீரமைக்க இறங்கினால், பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் மேல்தளத்தைச் சோதியுங்கள். அந்தக் காலத்து அடிக்கூடு பெரும்பாலும் தடிமனான ஃபைபர். அவ்வளவு சீக்கிரம் கெடாது. மேல்தளம் அப்படியில்லை. பல படகுகளில் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பால்சா என்ற லேசான மரமோ பிளைவுட்டோ வைத்திருப்பார்கள். கைப்பிடிக் கம்பி, கயிறு கட்டும் கட்டை, ஜன்னல் ஓரம் எனத் திருகு இறங்கிய இடமெல்லாம் தண்ணீர் கசிந்து உள்மரம் ஊறிவிடும். 1970களில் தைவானில் கட்டிய, மீன்பிடிப் படகு வடிவிலான டிராலர் யாட்டுகள் பலவற்றில் தேக்குப் பலகைகளை நூற்றுக்கணக்கான திருகுகளால் பொருத்தியிருப்பார்கள். அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

பிளாஸ்டிக் தலைச் சுத்தியலால் சாண் சாணாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அங்கே ஒரு பக்கத்து ஃபைபரை மட்டும் துளைத்து உள்மரம் வரை போய், வரும் மரத்தூளைப் பாருங்கள். வெளிறி உலர்ந்து வந்தால் சரி. கறுத்து ஈரமாக வந்தால் அந்த அடுக்கை அறுத்தெடுத்து மரத்தை மாற்றத்தான் வேண்டும். ஈர மரத்தின் மேல் எபாக்சி (இறுகிக் கெட்டியாகும் பிசின்) ஊற்றி மூடுவது வீண் செலவு, சரியாக ஒட்டாது.

அப்புறம், பழைய திருகுத் துளைகளை அப்படியே திரும்பப் பயன்படுத்தாதீர்கள். பெரிதாகத் துளைத்து, கெட்டியாக்கிய எபாக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் புதுத் துளை போடுங்கள். இனி அந்தத் திருகு ஓரம் கசிந்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. ஃபைபரை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் தூசி முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம்.