குதிரைகளோடு போகும் வழியில் கேம்பரில் தீப்பிடித்தால்: பலரும் செய்யும் தவறுகள்

கேம்பரில், அதாவது தங்கவும் சமைக்கவும் வசதியுள்ள பயண வண்டியில், பிடித்த தீயை நாமே அணைத்துவிடலாம் என்று நம்புவதுதான் பெரிய தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்துதான் கிளம்புகின்றன. கேம்பரின் உட்புறம் முழுக்க மெல்லிய பிளைவுட், ஃபோம் மெத்தை, பிளாஸ்டிக், பசை, திரைச்சீலை. ஒரு மூலையில் பிடித்த தீ சில நிமிடங்களில் கூரைக்கு ஏறிவிடும். ஆட்கள் மட்டும் போகிற பயணம் என்றால் கதவைத் திறந்து ஓடிவிடலாம். பின்னால் இரண்டு மூன்று குதிரைகள் கட்டப்பட்டு நிற்கும்போது அந்தச் சில நிமிடங்களை எதற்குச் செலவிடப் போகிறோம் என்பதுதான் கேள்வி. ஆட்கள் முதலில், அப்புறம் குதிரைகள், வண்டி போனால் போகட்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். புகையைப் பார்த்த பிறகு யோசிக்க ஆரம்பித்தால் நேரம் போதாது.

முன்பகுதியில் தங்கும் அறையும் பின்பகுதியில் குதிரைகளும் இருக்கும் நீள டிரெய்லர், கேம்பர் வண்டியின் பின்னால் இழுத்துப் போகும் தனி டிரெய்லர் இரண்டுக்குமே இது பொருந்தும். முதல் வகையில் ஆபத்து அதிகம். சமையல் அடுப்புக்கும் குதிரையின் தலைக்கும் நடுவே ஒரே ஒரு தடுப்புச் சுவர்தான் இருக்கிறது.

கிளம்பும் முன்பே நடக்கும் தவறுகள்

ஃப்ரிட்ஜைக் கேஸில் ஓடவிட்டபடியே வண்டி ஓட்டுவது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜின் பின்னால் ஒரு சுடர் எரியும். ஓடும் வண்டியின் குலுக்கலில் குழாய் இணைப்பு தளரலாம். டயர் வெடித்தால் அதன் ரப்பர்த் துண்டு அடியில் போகும் கேஸ் குழாயை அடித்து உடைத்துவிடலாம். பெட்ரோல் போட நிறுத்தும் இடத்தில் அந்தச் சுடர் எரிவது இன்னும் மோசம். சிலிண்டரின் வால்வையே மூடிவிட்டுக் கிளம்புங்கள். நன்றாகக் குளிர்ந்த ஃப்ரிட்ஜ், கதவைத் திறக்காமல் இருந்தால் சில மணி நேரம் தாங்கும்.

சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் கேஸ் கசிவைக் காட்டும் கருவி தரைக்கு அருகிலும், புகை அலாரம் கூரையிலும் இருக்க வேண்டும். பேட்டரி மாற்றினால் போதும் என்று இவற்றை வருடக்கணக்கில் விட்டுவிடக் கூடாது. புகை அலாரத்தின் ஆயுள் 10 ஆண்டு. கேஸ் கருவிகளுக்குப் பெரும்பாலும் 5 முதல் 7 ஆண்டு. பின்புறம் அச்சிட்ட தேதியைப் பாருங்கள்.

சக்கரங்களைத் தொட்டுப் பார்க்காமல் நாள் முழுக்க ஓட்டுவது அடுத்த தவறு. பிரேக் ஒட்டிக்கொண்டாலோ, பேரிங்கில் கிரீஸ் வற்றினாலோ சக்கரம் கொதிக்கும். இரட்டை அச்சு உள்ள டிரெய்லரில் ஒரு டயர் காற்றுப் போனாலும் பக்கத்து டயர் சுமையைத் தாங்கிக்கொள்ளும். ஓட்டுபவருக்கு எதுவுமே தெரியாது. காற்றுப் போன டயர் தேய்ந்து சூடாகிப் பற்றிக்கொள்ளும். அதற்கு நேர் மேலேதான் குதிரை நிற்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் சுற்றி வந்து, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். நான்கில் ஒன்று மட்டும் மற்றவற்றை விட அதிகம் சுட்டால் அங்கே ஏதோ கோளாறு. தொடாமலே வெப்பம் காட்டும் சிறிய அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது.

தீயணைப்பான் ஒன்றே ஒன்று, அதுவும் சமையலறைக்குள் மாட்டியிருப்பது, இல்லாததற்குச் சமம். தீ பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும், எடுக்க உள்ளே போக முடியாது. கேம்பர் கதவருகே ஒன்று, ஓட்டுநர் இருக்கை அருகே ஒன்று, குதிரைப் பகுதியில் வெளியிலிருந்து கை எட்டும் இடத்தில் ஒன்று என வைத்துக்கொள்ளுங்கள். பலவகைத் தீக்கும் பயன்படும் ஏபிசி வகைப் பவுடர் தீயணைப்பான் போதும். ஆனால் சிறியது ஏறக்குறைய பத்து விநாடியில் காலியாகிவிடும். குப்பைக்கூடை அளவுத் தீ, வெளியேறும் வழி உங்கள் முதுகுக்குப் பின்னால் திறந்திருக்கிறது என்றால் மட்டும் தீயின் அடிப்பாகத்தைப் பார்த்து இடமும் வலமுமாக அடியுங்கள். ஒன்று காலியாகியும் அணையவில்லை என்றால் இரண்டாவதைத் தேடி ஓடாதீர்கள். குதிரைகளிடம் போங்கள்.

குதிரையின் தலையில் மாட்டும் வார்க்கட்டான ஹால்டர், அதுவும் நைலான் ஹால்டரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வண்ண வண்ணமாக, மலிவாகக் கிடைக்கிறது என்று எல்லாரும் அதையே மாட்டுகிறார்கள். சூட்டில் நைலான் உருகும். உருகியது குதிரையின் முகத்தில் ஒட்டிக்கொண்டு தோலோடு உரியும். பயணத்துக்குத் தோல் ஹால்டர், பருத்திக் கயிறு. ஈ வலை, செயற்கை இழைப் போர்வை போன்றவற்றுக்கும் இதே ஆபத்து உண்டு. பிடிகயிறுகளைச் சேண அறைக்குள் பூட்டி வைக்காமல், ஒவ்வொரு குதிரைக்கும் ஒன்றாக வெளிக் கதவருகே தொங்கவிடுங்கள்.

குதிரைகளை இறக்கும்போது

புகை தெரிந்ததும் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் அடுத்த வழி வரை ஓட்டிவிடலாம் என்று தோன்றும். ஓடும் வண்டியில் காற்று தீயை ஊதிப் பெரிதாக்கும். உடனே ஓரங்கட்டி, போக்குவரத்திலிருந்து எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி நிறுத்துங்கள். காய்ந்த புல்மேல் மட்டும் வேண்டாம், தீ கீழேயும் பரவும். நெடுஞ்சாலை ஓரத்தில் குதிரையை இறக்கக் கூடாது என்பது நல்ல விதிதான். தீ அதற்கு விதிவிலக்கு.

சிலர் முதலில் இழுக்கும் வண்டியையும் டிரெய்லரையும் பிரிக்கப் பார்ப்பார்கள். பாதுகாப்புச் சங்கிலி, மின்சார பிளக், அவசர பிரேக் கம்பி, ஜாக்கி என்று பதறும் கைகளோடு அது எளிதில் முடியாது. அந்த நேரத்தில் இரண்டு குதிரைகளை இறக்கிவிடலாம்.

அதிகக் காயங்களுக்குக் காரணமாகும் தவறு இறக்கும் வரிசையில் இருக்கிறது. பதற்றத்தில் எல்லாருடைய கையும் நேராகப் பின்கதவுக்குப் போய், குதிரையின் பின்புறத்தைத் தடுக்கும் குறுக்குச் சட்டத்தை எடுத்துவிடும். தலை இன்னும் கட்டியே இருக்கும். பின்னால் வழி திறந்ததும் குதிரை பின்வாங்கும், கயிறு இழுத்துப் பிடிக்கும், தலையில் அழுத்தம் ஏறியதும் அது மிரண்டு முழு பலத்தோடு பின்னால் பாயும். கால் சறுக்கிக் கீழே விழுந்து வழியையே அடைத்துவிட்ட குதிரையைப் புகைக்குள்ளிருந்து வெளியே எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். எனவே எப்போதும் தலைக்கட்டு முதலில், சட்டம் பிறகு. நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று எடுங்கள்.

இழுத்தால் அவிழும் முடிச்சுதானே என்று நம்பியிருக்கவும் வேண்டாம். குதிரை முழு எடையோடு இழுத்திருக்கும்போது அந்த முடிச்சும் இறுகிவிடும். இழுவிசையிலும் திறக்கும் அவசரக் கொக்கியும், ஜன்னலுக்கு வெளியிலிருந்தே எட்டும் இடத்தில் பல் வைத்த கத்தி ஒன்றும் இருக்கட்டும்.

குதிரைகளைச் சாய்வாக, ஒன்றையடுத்து ஒன்றாக நிறுத்தும் டிரெய்லரில் இன்னொரு சிக்கல். தங்கும் அறையை ஒட்டி முதலில் ஏற்றிய குதிரைதான் கடைசியில் இறங்க முடியும். தீ அங்கே தொடங்கினால் நெருப்புக்கு மிக அருகில் இருப்பது கடைசியாக வெளிவரும். அந்த இடத்தில் வம்பு செய்யும் குதிரையை ஏற்றாதீர்கள், சொன்னதும் தயங்காமல் திரும்பி வரும் குதிரையை ஏற்றுங்கள். இரண்டு பகுதிக்கும் நடுவே உள்ள கதவு பயணத்தில் எப்போதும் சாத்தியே இருக்கட்டும். புகையைக் கொஞ்ச நேரமாவது அது தடுக்கும்.

இறக்கிய குதிரையை அப்படியே விட்டுவிடுவதும் ஆபத்து. சாலையில் ஓடி விபத்தாகலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். பழகிய இடம்தான் பாதுகாப்பு என்று குதிரை எரியும் இடத்துக்கே திரும்பி ஓடும் என்பது பலருக்குத் தெரியாது. லாயத் தீகளில் இது மறுபடி மறுபடி நடந்திருக்கிறது. காற்று வரும் திசையில், நன்றாகத் தள்ளி, உறுதியான மரத்திலோ வேலித் தூணிலோ கட்டுங்கள், இல்லை ஒருவர் பிடித்திருக்கட்டும். கண்ணைத் துணியால் மூடி நடத்துவது, முன்பே பழக்கிய குதிரையிடம் மட்டுமே வேலை செய்யும். பழகாதது இருந்த இடத்திலேயே உறைந்து நின்றுவிடும்.

இதெல்லாம் வீட்டிலேயே, இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், கொஞ்சம் சத்தத்தோடு ஒத்திகை பார்த்திருந்தால்தான் அந்த நேரத்தில் கைவரும். குதிரைப் பகுதிக்குள்ளேயே தீயோ, தலை உயரத்துக்கு அடர்ந்த புகையோ வந்துவிட்டால் உள்ளே நுழையாதீர்கள். வெளியிலிருந்து கயிற்றை அறுக்கலாம், சட்டத்தை எடுக்கலாம், கதவைத் திறக்கலாம், கூப்பிடலாம். அதற்கு மேல் போகக் கூடாது. எழுதவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் உள்ளே மயங்கி விழுந்த மனிதரால் எந்தக் குதிரையும் பிழைக்காது.

இரவு முகாமில்

டிரெய்லரின் பக்கச் சுவரில் குதிரையைக் கட்டிவிட்டு உள்ளே தூங்குவதைப் பலர் இயல்பாகச் செய்கிறார்கள். ஹீட்டர், அடுப்பு, பேட்டரி, ஜெனரேட்டர் எல்லாம் இருக்கும் அதே சுவர். இரவில் தீப்பிடித்தால் குதிரை எரியும் சுவரோடு கட்டப்பட்டிருக்கும். உருகும் வெயில் மறைப்பு அதன் முதுகில் விழும். டயர் வெடிக்கும் சத்தத்தில் அதன் கயிற்றை யாரும் நெருங்கவே முடியாது. இரண்டு மரங்களுக்கு நடுவே உயரமாகக் கயிறு கட்டி அதில் குதிரையைக் கட்டலாம். மடக்குத் தடுப்புகளால் ஆன பட்டியையும் டிரெய்லரோடு இணைக்காமல் தனியாக நிறுத்துங்கள். வேறு வழியே இல்லை, டிரெய்லரில்தான் கட்ட வேண்டும் என்றால், சிலிண்டரும் ஃப்ரிட்ஜும் இல்லாத பக்கத்தில், அவசரக் கொக்கியோடு கட்டுங்கள்.

முன்பக்க மேல் தட்டில் படுப்பவர்கள் அவசர ஜன்னலை இப்போதே ஒருமுறை திறந்து பாருங்கள். வெயிலில் ரப்பர் விளிம்பு ஒட்டிப்போய், தாழ்ப்பாளைத் தூக்கினாலும் கண்ணாடி அசையாமல் இருப்பது சகஜம். செருப்பு, டார்ச், கைபேசி, சாவி, கத்தி எல்லாம் படுக்கைக்கு அருகே ஒரே பையில் இருக்கட்டும்.

அழைப்பும், அதன் பிறகும்

எல்லாம் முடிந்த பிறகு அழைக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். ஒருவர் இறக்கும்போது இன்னொருவர் அழைக்கட்டும். தனியாக இருந்தால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலையைத் தொடருங்கள். கைபேசியிலிருந்து 112 அடித்தால் பல நாடுகளில் அவசர உதவிக்குப் போகும். சாலை, போகும் திசை, கிலோமீட்டர் கல், கேஸ் சிலிண்டர் எத்தனை, குதிரைகள் உள்ளேயா வெளியேயா என்பதைச் சொல்லுங்கள். சிலிண்டரிலிருந்து இரைச்சலோடு நெருப்பு பீய்ச்சினால் எதற்காகவும் அருகே போக வேண்டாம்.

தீ அடங்கிய பிறகு, குதிரை நன்றாகத்தானே நிற்கிறது என்று விட்டுவிடுவது மிகவும் கவலை தரும் தவறு. புகை நுரையீரலுக்குச் செய்த சேதம் ஒரு நாள் இரண்டு நாள் கழித்தும் வெளிப்படலாம். ஓய்வில் இருக்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 தடவை மூச்சுவிடும். அமைதியான பிறகும் 30-க்கு மேல் நீடித்தால் மருத்துவர் உடனே வர வேண்டும். இருமல், மூக்கில் சளி, விரிந்த நாசி இருந்தாலும் அப்படித்தான். எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள், கண்களையும் பார்க்கச் சொல்லுங்கள். புகை உள்ளே போன குதிரைக்கு 4 முதல் 6 வாரம் கடும் வேலை கூடாது. தீக்காயத்தில் குளிர்ந்த சுத்தமான நீரை ஊற்றலாம். மருத்துவர் பார்க்கும் வரை களிம்பு, எண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். புகையோ தீயணைப்புப் பவுடரோ பட்ட உலர்புல்லைக் கொடுக்காமல், வேறு புல்லை நனைத்துக் கொடுங்கள்.

முன்பாதி மட்டும்தான் எரிந்தது என்று அதே டிரெய்லரில் மறுபடி ஏற்றாதீர்கள். தரைப் பலகை, பிரேக் ஒயர், டயர் எதையும் நம்ப முடியாது. வழியில் குதிரை ஏற்றிச் செல்பவர்கள், தங்க இடம் தரும் லாயங்கள், கால்நடை மருத்துவர்கள் ஆகியோரின் எண்களைப் பயணத்துக்கு முன்பே கைபேசியில் சேர்த்திருந்தால் அன்றிரவு குதிரைக்கு இடம் கிடைக்கும். குதிரையின் உடல்நலச் சான்று, தடுப்பூசிப் பதிவு, உரிமை ஆவணம் எல்லாவற்றின் படமும் அதே கைபேசியில் இருக்கட்டும், மூலங்கள் பெரும்பாலும் கேம்பரோடு போய்விடும். காப்பீட்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். இழுக்கும் வண்டி, டிரெய்லர், குதிரை, உள்ளே இருந்த சேணம் எல்லாம் ஒரே பாலிசியில் வரும் என்று எண்ணிவிடாதீர்கள், பல நேரங்களில் ஒவ்வொன்றும் தனித்தனி. எது எதில் அடங்கும் என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். சேணங்களைப் படமெடுத்துப் பட்டியலிட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.