மூடுபனியில் தானாக எரியும் டச் விளக்கு: நிரலை விடுங்கள், வயரைப் பாருங்கள்

கோத்தகிரி வீட்டில் அம்மாவின் கட்டிலோரம் ஒரு டச் விளக்கு செய்து வைத்தேன். செப்புத் தகட்டைத் தொட்டால் எரியும், மறுபடி தொட்டால் அணையும். வெயில் காலம் முழுக்க ஒழுங்காக ஓடியது. ஐப்பசி மழை பிடித்து, மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளேயே வர ஆரம்பித்ததும் நடுராத்திரியில் தானாக எரியத் தொடங்கிவிட்டது. அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவார், அப்புறம் விடியும்வரை தூக்கம் வராது. எந்த எண்ணுக்குக் கீழே போனால் தொடுதல் என்று எடுப்பது என்ற எல்லை எண்ணை, மூன்று வாரம் நிரலில் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கோளாறு வயரில் இருந்தது.

விளக்கை இயக்குவது ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினிப் போர்டு; அதில் ஆர்டுயினோ நிரல் ஏற்றத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். டச்சுக்கு 4, 13, 14, 27, 32, 33 ஆகிய பின்களில் ஒன்றை எடுங்கள். 0, 2, 12, 15 ஆகியவையும் தொடுதலை உணரும், ஆனால் போர்டு எப்படிக் கிளம்ப வேண்டும் என்பதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு, அதனால் தொட வேண்டாம்.

அடுத்து, போர்டு அனுப்பும் எண்களை வரைபடமாகக் காட்டும் ஆர்டுயினோவின் சீரியல் பிளாட்டரைத் திறந்து, தொடாமல் அரை நிமிடம், தொட்டபடி அரை நிமிடம் எண்களைப் பாருங்கள். இந்தச் சிப்பில் தொட்டால் எண் குறையும் (எஸ்2, எஸ்3 வகைகளில் கூடும்). எனக்குத் தொடாதபோது 34 முதல் 38, தொட்டால் 29. இவ்வளவு குறுகிய இடைவெளியில் எந்த எல்லை எண்ணும் நிற்காது.

காரணம் இதுதான். போர்டு அளப்பது தகட்டின் மின்தேக்குத்திறனை, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறனை. அதில் விரல் சேர்ப்பது சில பிக்கோஃபாரட் (அதன் மிகச் சிறிய அலகு) மட்டுமே. நீளமான வயருக்கே அதைவிடப் பல மடங்கு உண்டு. தராசில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு இருக்கும்போது மேலே ஒரே ஒரு கிழங்கை வைத்தால் முள் அசைந்தது தெரியுமா?

நான் செய்த தப்பு: தகட்டிலிருந்து போர்டுவரை ஒரு மீட்டர் வயர், அதையும் விளக்குக்குப் போகும் 230 வோல்ட் வயரோடு சேர்த்து டை போட்டு அழகாகக் கட்டியிருந்தேன். பார்க்க நேர்த்தியாக இருந்தது, ஆனால் மெயின்ஸ் இரைச்சல் முழுவதும் உள்ளே ஏறியது. போர்டைத் தகட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். டச் வயர் 10 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். விளக்கின் மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சான ரிலேவுக்குப் போகும் வயர் நீண்டால் பரவாயில்லை, அதில் போவது ஆன், ஆஃப் மட்டும்தான். மெயின்ஸ் வயரைக் கடந்தே ஆக வேண்டுமென்றால் குறுக்காகக் கடக்க விடுங்கள், இணையாக ஓட விடாதீர்கள். வயர் ஆடினாலும் எண் மாறும், அதனால் க்ளூ கன்னால் ஒட்டிவிடுங்கள். பின்னுக்கு அருகில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வரிசையில் போடுங்கள். ஷீல்டு கேபிள் (வெளியே உலோக உறை சுற்றிய வயர்) போடச் சொல்வார்கள். ஷீல்டைக் கிரவுண்டில் இணைத்தால் அதுவே மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் சேர்க்கும். முதல் முயற்சியில் அது வேண்டாம். ஜம்பர் வயரும் பிரெட்போர்டும் சோதனையோடு சரி, பிறகு சாலிடர்தான்.

இதைச் செய்ததும் தொடாதபோது 68, தொட்டால் 14.

இனி ஈரம். தகட்டை ஒரு சில்வர் ஓக் பலகையில் நேரடியாக ஒட்டியிருந்தேன். மரம் ஈரம் குடித்தால் எண் மெல்ல இறங்கும், ஏனென்றால் மின்தேக்குத்திறனைக் கூட்டும் தன்மை (மின்கடவாமாறிலி) நீருக்குக் காற்றைப்போல் சுமார் 80 மடங்கு. இடையில் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் வைத்தேன். சாலிடர் போட்ட இடத்தில் பழுப்பாக ஒட்டியிருக்கும் ஃபிளக்ஸையும் விடாதீர்கள், அது ஈரத்தை இழுத்துக் கசிவுக்கு வழிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பழைய டூத்பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்து, நன்றாகக் காய்ந்தபின் நெயில் பாலிஷ் ஒரு பூச்சு.

நிரல் கடைசியில்தான். தொடாதபோது வரும் எண்ணின் சராசரியை நிரல் மெதுவாகப் பின்தொடரட்டும், அதிலிருந்து பாதிக்குக் கீழே தொடர்ந்து நான்கு முறை இறங்கினால் மட்டும் தொடுதல் என்று எடுங்கள். தொடுதலைத் தானே உணரும் டிடிபி223 என்ற குட்டி மாட்யூல் விலை குறைவுதான், ஆனால் உள்ளே என்ன எண் ஓடுகிறது என்று காட்டாது. பழகும்போது எண் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பின்சேர்க்கை: குன்னூர் வாசகர் ஒருவர், லேப்டாப்பில் இணைத்தால் சரியாக வேலை செய்கிறது, சுவர் சார்ஜரில் போட்டால் தாறுமாறாகிறது என்று எழுதியிருந்தார். எர்த் இல்லாத இரண்டு முள் சார்ஜர்கள் சில, இரைச்சலைக் கிரவுண்டு வழியாகவே அனுப்பும். விரல் வைத்ததும் எண் குதிக்கும். எந்தச் சார்ஜரில் ஓடப்போகிறதோ அதில் போட்டே சோதியுங்கள், எண்களை வைஃபை வழியாகப் போனில் பாருங்கள். அவர் அடாப்டரை மாற்றியதும் சரியாகிவிட்டது.