யூ ஜாயின்ட்டில் படுத்துக் கிடந்த ஊசி

கியர் போட்டதும் வண்டிக்கு அடியில் ‘டொக்’ என்று சத்தம்; வேகம் கூடினால் அதிர்வு. முதலில் கியர்பாக்ஸ் மவுண்ட்டை மாற்றினேன், பலனில்லை. கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டைக் கழற்றி மடக்கிப் பார்த்தபோதுதான், அதன் பின்பக்க யூ ஜாயின்ட் (கோணம் மாறினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) சிக்கிச் சிக்கி அசைந்தது. (திரும்ப அதே நிலையில் பூட்ட, கழற்றும் முன் ஷாஃப்ட்டிலும் அது போல்ட்டில் சேரும் ஃபிளேன்ஜிலும் பெயின்ட் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.)

புது கிராஸை (மூட்டின் நடுவில் இருக்கும் கூட்டல்குறி வடிவத் துண்டு) வைஸில் வைத்து, அதன் நாலு முனைகளுக்கும் மூடி போல வரும் கப்புகளை அழுத்தினால், நாலாவது கப் மட்டும் சர்க்லிப் (கப்பைப் பிடித்து நிறுத்தும் வளையம்) பள்ளம் தெரியும் அளவுக்கு இறங்கவே இல்லை. கிட்டத்தட்ட 2 மி.மீ. பாக்கி. இரண்டு நாள் யோக் (கப்புகள் உட்காரும், இரண்டு காதுகள் கொண்ட கவை) மேல்தான் சந்தேகம். அப்புறம் கப்பை வெளியே எடுத்தால், அதற்குள் சுற்றிலும் நிற்கும் ஊசி பேரிங்கின் மெல்லிய உருளைகளில் ஒன்று சாய்ந்து கப்பின் அடியில் படுத்துக் கிடந்தது!

கெட்டி கிரீஸில் ஊசிகளை ஒட்டவைத்து, கிராஸைக் கப்புக்குள் நுழைத்துப் பிடித்தபடியே அழுத்தினேன். பள்ளம் முழுசாகத் தெரிந்தது. சர்க்லிப் போட்டபின் ஜாயின்ட் கொஞ்சம் இறுக்கம். யோக் காதுகளில் சுத்தியலால் லேசாகத் தட்டியதும் தளர்ந்தது. சத்தமும் இல்லை, அதிர்வும் இல்லை. அப்பாடா!