மூலநிரலோடு லைப்ரரி வாங்குவோர் கவனத்திற்கு
டெல்பி என்ற நிரலாக்கக் கருவிக்காக மூலநிரலோடு விற்கப்படும் லைப்ரரிகளின், அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகளின், உரிமம் பெரும்பாலும் நிரலாளர் ஒருவருக்கு ஒன்று என்ற கணக்கில்தான் வருகிறது. அவற்றைச் சேர்த்து உருவாக்கிய, நேரடியாக இயங்கும் இஎக்ஸ்இ கோப்பைத் தனிக்கட்டணமின்றி எத்தனை பேருக்கும் தரலாம் என்று பல உரிமங்கள் அனுமதித்தாலும், லைப்ரரியின் மூலநிரல் உள்ள பாஸ்கல் கோப்புகளையோ அவற்றிலிருந்து தொகுக்கப்பட்ட டிசியு கோப்புகளையோ, அவை நாமே திருத்தியவையாக இருந்தாலும்கூட, பிறருக்குக் கொடுக்கப் பொதுவாக இடம் தருவதில்லை. முழு மூலநிரலையும் ஒப்படைக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. ஆகவே லைப்ரரியைத் தொடக்கத்திலிருந்தே நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளில் தனிக் களஞ்சியத்தில் வைத்திருங்கள். உங்கள் நிரலை மட்டும் ஒப்படைத்து, லைப்ரரியின் பெயரையும் பதிப்பு எண்ணையும் குறிப்பிட்டு, அதற்கான உரிமத்தை வாடிக்கையாளரே வாங்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். லைப்ரரிக்கான சந்தா முடிந்தபின் பழைய பதிப்பைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா என்பதையும், என் கருத்தில் இது மிக முக்கியம், பணம் கட்டும் முன்பே விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.